கடலூருக்கு ஒரு கலை ஆலோசனைக் குழு: சால்வைக்கா, கோப்புக்கா?

மாநகராட்சி அமைக்கிற கலை ஆலோசனைக் குழுவால் ஒரு ரூபாயைக்கூட நேராக யாருக்கும் கொடுக்க முடியாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பணம் மாநகராட்சியுடையது, தீர்மானம் மன்றத்துடையது, கையெழுத்து ஆணையருடையது. குழுவின் கையில் இருப்பது ஒரு தாள். அந்தத் தாள் எந்த மாதம் போய்ச் சேர்கிறது, எந்தக் கணக்குத் தலைப்பைச் சொல்கிறது, நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்டால் பதில் இருக்கிறதா, இந்த மூன்றில்தான் குழுவின் சத்து முழுவதும். விஷயம் தெரிந்த ஒன்பது பேர் உட்கார்ந்து நன்றாகப் பேசிவிட்டு டீ குடித்துக் கலைந்தால், அடுத்த பொங்கல் விழாவுக்கும் அதே ஈவென்ட் கம்பெனி, அதே ஆர்க்கெஸ்ட்ரா, அதே ஃபிளெக்ஸ்.

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு. தெருக்கூத்து, நாதசுரம், பம்பை, சிலம்பம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கலைஞர்கள் இருக்கிறார்கள். நகரத்துக்கென்று ஒரு கலைக் குழு அமைந்தால் அது எப்படி இருக்க வேண்டும், எங்கே இடறும் என்பதை இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

இந்த ஏற்பாடு அமெரிக்க நகரங்களில் நன்றாகப் பழகிப்போனது. சான் பிரான்சிஸ்கோவின் கலை ஆணையம் 1932-ல் வந்தது, சியாட்டில் நகரத்துடையது 1971-ல். பெரும்பாலான சிறு நகரங்களில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேயரோ நகர மன்றமோ நியமிக்கும். அவர்கள் விண்ணப்பங்களைப் படித்து, மதிப்பெண் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று மன்றத்துக்குப் பரிந்துரைப்பார்கள். பொதுக் கட்டடம் கட்டினால் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் சட்டத்தை அந்த நாட்டில் முதலில் கொண்டுவந்த நகரம் பிலடெல்பியா, 1959-ல். சியாட்டில் 1973-ல் அதைப் பின்பற்றியது. நாம் அவசியம் கடன் வாங்க வேண்டிய வழக்கம் கலிபோர்னியாவில் ஒன்று உண்டு. அங்கே இத்தகைய குழுவின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டியாக வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது. 'இதர பொருள்கள்' என்ற கடைசி வரியில் கோடிக்கணக்கில் தீர்மானம் போடும் ஊர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே இருப்பது என்ன

நகரக் குழு அமைத்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'விருது கொடுக்கலாம்' என்பது. வேண்டாம். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கலை மன்றம் அந்த வேலையைச் செய்கிறது. 18 வயதுக்குள் இருந்தால் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. ஐந்து படி, ஐந்து பரிசுத்தொகை. மாநில அளவில் இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருதையும், 58 வயது கடந்த நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவியையும் பார்த்துக்கொள்கிறது. 2007-ல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அந்த அடையாள அட்டை கையில் இருந்தால்தான் பிள்ளைகளின் படிப்பு உதவி முதல் விபத்து நிவாரணம் வரை கேட்க முடியும். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் நமக்கும் புதுச்சேரிக்கும் பொது.

திட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. திட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவில்தான் பள்ளம். மாவட்ட விருதுக்கு வயதுச் சான்று, ஆதார் நகல், புகைப்படம், கலை அனுபவத்துக்கான சான்று கேட்பார்கள். பரதம் படித்த பிள்ளையிடம் ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழ் இருக்கும். நாற்பது வருஷமாகத் துரியோதனன் வேஷம் கட்டுகிற மனிதரிடம் ஒன்றும் இருக்காது. அவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

ஆனால் ஆதாரம் இருக்கிறது, வேறு உருவில். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ்களைப் பாருங்கள். மஞ்சளிலோ ரோஸிலோ மெல்லிய தாள். மேலே அம்மன் படம். கீழே ஒவ்வொரு ராத்திரிக்கும் என்ன கூத்து என்ற வரிசை: வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். அதற்கு அடியில் ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், அதை நடத்தும் வாத்தியார் பெயர், ஊர், தேதி. தேதியும் பெயரும் அச்சில் இருக்கும் அந்த நோட்டீஸ் ஐந்தாறு சேர்ந்தால், கூடவே ஊர் நாட்டாண்மையோ கோயில் தர்மகர்த்தாவோ ஒரு கடிதம் கொடுத்தால், அனுபவச் சான்றாகக் கோப்பில் வைக்க அது தாராளமாகப் போதும். ஜமாக்காரர்கள் நோட்டீஸைப் பெட்டி அடியில் விரித்து வைத்திருப்பார்கள்; தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே நகரக் குழுவின் முதல் வேலை ஒரு விண்ணப்ப முகாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இசைப்பள்ளியிலோ நகர அரங்கத்திலோ. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு போட்டோகிராபர், இ-சேவை மையத்திலிருந்து ஒருவர், படிவம் நிரப்பிக் கொடுக்க நாலு கல்லூரிப் பிள்ளைகள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே 'என்னென்ன கொண்டு வர வேண்டும்' என்று வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்ப வேண்டும். எழுத்தில் அனுப்பினால் வயதானவர்கள் படிக்க மாட்டார்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் பொருந்துகிறதா என்பதை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். 'கோவிந்தசாமி'யும் 'கோவிந்தசாமி க'வும் வேறு வேறு ஆள் என்று கணினி முடிவு செய்தால் பணம் திரும்பிப் போகும். பத்துக்கு நாலு மனு தடுக்கி விழுவது இங்கேதான் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் ரொம்ப மிகையாக இருக்காது.

யார் உட்காருவது

தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஆலோசனை மட்டும் சொல்லும் குழு என்பதால் மன்றத் தீர்மானமும் அதன்பேரில் ஆணையரின் செயல்முறை ஆணையும் போதும். எண்ணிக்கை ஒற்றைப்படை; ஒன்பது சரியாக இருக்கும். ஒரு கூத்து வாத்தியார், ஒரு நாதசுரம் அல்லது தவில் வித்வான், நடனம் கற்பிக்கும் ஒருவர், ஓவியம் அல்லது சிற்பம் செய்பவர், நூலகத்தோடோ இலக்கிய அமைப்போடோ பழக்கம் உள்ளவர், மீனவ கிராமங்களிலிருந்து ஒருவர், பம்பை, பறை அடிக்கும் குழுக்களிலிருந்து ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர். ஒன்பதாவது ஆள் அவசியம் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற உள்ளாட்சித் தணிக்கை அலுவலர் யாராவது கிடைத்தால் தங்கம். ஒன்பதில் நாலு பேராவது பெண்கள். செயலாளராக மாநகராட்சி அலுவலர் ஒருவர், ஓட்டு இல்லாமல்.

பதவிக்காலம் மூன்று ஆண்டு, வருஷத்துக்கு மூன்று பேர் மாறுவது நல்லது. எல்லோரும் ஒரே நாளில் போய் எல்லோரும் புதிதாக வந்தால் முந்தைய குழு என்ன செய்தது என்று சொல்ல ஆளிருக்காது. கோரம், அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், ஐந்து. ஒருவருடைய ஜமாவோ, அவர் மாணவரோ, உறவுக்காரரோ விண்ணப்பித்திருந்தால் அந்த மனு வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். போனதையும் திரும்பி வந்ததையும் மினிட்ஸில் நேரம் போட்டு எழுத வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் வேண்டியவர்கள்தான். அதற்காகக் கலைஞர்களே இல்லாத குழு அமைப்பது மூடத்தனம். உறவு இருப்பது தப்பில்லை, எழுதாமல் விடுவதுதான் தப்பு.

தேதி

நல்ல குழுக்கள் பெரும்பாலும் தோற்பது நாட்காட்டியில்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும். அதற்கான மதிப்பீடுகளை அதிகாரிகள் கார்த்திகை, மார்கழியிலேயே திரட்டத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரியில் போய் 'எங்களுக்கும் அஞ்சு லட்சம்' என்றால் கதவு சாத்தியாகிவிட்டது. ஆகப் பரிந்துரை நவம்பர் நடுவில் மேசையில் இருக்க வேண்டும். அதற்கு அக்டோபரில் மதிப்பெண் முடிய வேண்டும். அதற்கு ஆவணி, புரட்டாசியில் விண்ணப்பம் வாங்க வேண்டும்.

இது கலைஞர்களுக்கும் ஒத்துவரும். கூத்து ஜமாக்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம், சாயங்காலம் அடுத்த ஊர். அந்த நாலைந்து மாதத்தில் விண்ணப்பம் கேட்டால் வருவது ஆட்டம் இல்லாதவர்களின் மனுக்கள்தான். ஆடி முடிந்தபின் மனு போட நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, ஜமாக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், மேலே சொன்ன முகாமுக்குக் கூப்பிட்டால் வருவார்கள்.

நிகழ்ச்சி வைப்பதற்கும் தனிக் கணக்கு உண்டு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய கடலூரில் திறந்தவெளி நிகழ்ச்சி என்பது சூதாட்டம். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. 2015 வெள்ளம் நவம்பர், டிசம்பரில். மார்ச்சில் பொதுத்தேர்வு, மைக் வைத்தால் சண்டை வரும், வரவும் வேண்டும். மிச்சம் இருப்பது ஜனவரி, பிப்ரவரி. அதிர்ஷ்டவசமாக அங்கேதான் நம் ஊர்க் கூட்டங்களும் இருக்கின்றன: தை 5-ம் நாள் தென்பெண்ணை, கெடிலக் கரைகளில் ஆற்றுத் திருவிழா, மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் நாள். கூட்டத்தைக் கூட்ட விளம்பரம் வேண்டாம், வேனில் ஆள் ஏற்றி வர வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஜனத்துக்கு முன்னால் கலையைக் கொண்டு போய் வைத்தால் போதும். ஏப்ரலில் ஒப்புதல், ஜூலைக்குள் ஆணை என்று ஓடினால் தை மாதத்துக்கு ஆறு மாத அவகாசம் இருக்கிறது.

ஐந்து லட்சத்தைப் பிரிப்பது

மன்றம் ஐந்து லட்சம் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது மனு வந்திருக்கிறது. 'எல்லாரும் நம்ம ஆளுங்கதான், ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்துடலாம்' என்று ஒருவர் சொல்வார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பத்தாயிரத்தில் எந்த ஜமாவும் ஒரு ராத்திரி ஆட முடியாது. ஐம்பது பேரும் வாங்கிக்கொண்டு போவார்கள், ஊருக்கு ஒரு ஆட்டமும் கிடைக்காது, தணிக்கையில் 'பணி நடைபெற்றதற்கான ஆதாரம் இல்லை' என்று ஆட்சேபணை விழும். அதோடு தலைப்பையே மூடிவிடுவார்கள்.

எட்டுக் குழுவுக்கு ஐம்பதாயிரம், அது நாலு லட்சம். மிச்சம் ஒரு லட்சத்தைப் பத்துப் பேருக்குப் பத்தாயிரமாக, வாத்தியத்துக்குத் தோல் மாற்றவும் உடை தைக்கவும். இதுதான் வேலை நடக்கும் கணக்கு. மிச்சம் முப்பத்திரண்டு பேருக்கு இல்லை என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் மதிப்பெண் தாளிலிருந்துதான் வரும். கலைத் தரம் 40, எந்த மக்களுக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு 20, கணக்கு நடைமுறைக்கு ஒத்ததா என்பதற்கு 20, கேட்ட தொகையில் எவ்வளவு கலைஞர் கைக்குப் போகிறது என்பதற்கு 20. ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டிலேயே தனியாகப் போட்டு, உறையில் வைத்துக் கொண்டு வர வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து போட்டால் மூத்தவர் வாயைப் பார்த்து எல்லோரும் போடுவார்கள்.

ஐம்பதாயிரத்தில் ஒரு கூத்து எப்படி நடக்கும்? மாதிரிக் கணக்கு இது. 14 பேருக்கு ஆளுக்கு 2,000 வீதம் 28,000. வேன் 5,000. மைக், விளக்கு 9,000. ஒப்பனை, பூ, கற்பூரம் 2,000. சாப்பாடு 18 பேருக்கு 150 வீதம் 2,700. கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி), உடை பழுதுக்கு 3,300. கூட்டினால் சரியாக 50,000. இதில் மேடை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறதி இல்லை. கூத்துக்கு வேண்டியது களரி. தரையில், மூன்று பக்கம் ஜனம் உட்கார, ஒரு பக்கம் பின்பாட்டும் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும். அதிகாரிகள் மரியாதைக்காக நாலடி உயர மேடை போடுவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஜனத்துக்குள் இறங்கி வம்பிழுக்க முடியாது. முன்வரிசையில் சோபா வேறு. ஆட்டம் அங்கேயே செத்துவிடும், மேடைக்கான பில் மட்டும் உயிரோடு இருக்கும்.

விளக்கும் அப்படித்தான். உச்சியிலிருந்து எல்.இ.டி. ஃபோகஸ் அடித்தால் கிரீடத்தின் நிழல் முகத்தில் விழுந்து கண் தெரியாது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த அணி, முன்னாலிருந்து தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் வெளிச்சத்தில்தான் மின்னும். இரண்டு கம்பத்தில் இரண்டிரண்டு விளக்கு, அவ்வளவே. மைக், களரிக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடும் பழைய முறையே நல்லது. மார்கட்டும் சரிகையும் உரசுகிற இடத்தில் காலர் மைக் மாட்டினால் கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்காது.

நேரம்தான் பெரிய முட்டுக்கட்டை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம். அதுவும் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். மஞ்சக்குப்பம் பக்கம் இடம் பார்க்கும்போது டேப் எடுத்துக்கொண்டு போவது நல்லது. ராத்திரி முழுக்க ஆடுகிற கூத்தை நகரத்தில் அப்படியே வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். ஆறரைக்கு ஆரம்பித்தால் மூன்றரை மணி நேரம் கிடைக்கும். எதைச் சுருக்குவது என்று குழு சொல்லக் கூடாது, வாத்தியார் சொல்வார். ஒன்றை மட்டும் குழு உறுதியாகச் சொல்லலாம்: திரை வருகையை வெட்டாதீர்கள். திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்து, திரை விலகி வேஷம் வெளிப்படும் அந்த அரைமணி நேரத்தைத்தான் 'வேகமாப் போங்க' என்று முதலில் வெட்டச் சொல்வார்கள்.

பணம் கைக்குப் போகும் வழி

ஈவென்ட் கம்பெனிக்கு மொத்தமாகக் கொட்டேஷன் கொடுத்து 'கலைஞர்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் அலுவலகத்துக்கு ஒரே பில், சுலபம். கலைஞருக்குக் கடைசியில் மிச்சம். பரிந்துரையிலேயே பிரித்து எழுத வேண்டும்: பந்தல், ஒலி, ஒளி டெண்டரில், கலைஞர் ஊதியம் தனித் தலைப்பில், நேரடி வங்கிக் கணக்குக்கு.

அதிலும் வாத்தியார் கணக்கில் மொத்தத் தொகையையும் போடக் கூடாது. கணக்குப் பிரிவில் இதைத் தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டு, வரம்பைத் தாண்டியிருந்தால் 10 சதவீதம் வருமானவரி பிடிப்பார்கள். ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டால் தனிநபருக்கு 1 சதவீதம். பான் எண் இல்லையென்றால் 20. பிடித்த வரியைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கூத்து வாத்தியார் செய்ய மாட்டார். ஆள்வாரிப் பட்டியல் போட்டு 14 பேருக்கும் தனித்தனியாக 2,000 அனுப்பினால் இந்தத் தொல்லையே எழாது. ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்தால், 5,000-க்கு மேல் போகும் ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து.

இன்னொரு பொறி ஜி.எஸ்.டி. 'ஜி.எஸ்.டி. பில் கொடுங்க' என்று எழுத்தர் கேட்பார். ஜமாவிடம் எண் இருக்காது. உடனே எண் வைத்திருக்கும் ஒரு இடைத்தரகர் முளைப்பார், அவர் பில் கொடுப்பார், கமிஷன் எடுப்பார். நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகத்துக்குக் கலைஞர் வாங்கும் தொகை ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மிகாவிட்டால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. இந்த ஒரு வரியைக் குழுவின் ஒவ்வொரு பரிந்துரையின் அடியிலும் அச்சடித்தே வைத்துவிடலாம்.

முன்பணம் பாதி. வேன்காரரும் பூக்காரரும் கருவூலத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்க விதி இடம் தராது என்று சொன்னால், ஆணையில் இரண்டு தவணை என்று முதலிலேயே எழுதிவிட்டால் இடம் தரும்.

சுவர்

சுவரோவியம் இப்போது எல்லா ஊரிலும் மோஸ்தர். கடலூரில் அது இரண்டு மழைக்குத் தாங்காமல் உரிவதற்குக் காரணம் ஓவியர் இல்லை, சுவர். புதுப் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும். பழைய சுவரானால் ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்தச் சுவருக்கு இப்போது வேண்டாம். உப்பு பூத்திருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு அடித்தால் மறுபடி அதே இடத்தில் பூக்கும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பொறியாளர் முதலில் பார்க்க வேண்டும். பிப்ரவரிக்கு மேல் மே வரை வேலைக்கு ஏற்ற காலம்.

10 அடி உயரம், 60 அடி நீளம் என்றால் 600 சதுர அடி. வெளிப்புற பிரைமர் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 6 லிட்டர், அடிப்படை எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 12 லிட்டர் பிடிக்கும். தரையிலிருந்து மூன்றடிக்குப் படம் வரைய வேண்டாம். அடர்நிறப் பட்டை விட்டுவிடுங்கள், சேறு தெறிப்பதும் ஈரம் ஏறுவதும் அங்கேதான். சுவர் உச்சியில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய மூடுகல் இல்லாவிட்டால் மழைநீர் படத்தின் மேலேயே கோடு போட்டு வழியும். போஸ்டர் ஒட்டுவதற்குத் தீர்வு வண்ணத்தில் இல்லை, அபராதத்தில் இருக்கிறது.

கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்ற பேச்சு நம் மன்றத்திலும் எழலாம். ஐந்து கோடிக்குச் சந்தைக் கட்டடம் கட்டினால் ஐந்து லட்சம். அதில் ஐம்பதாயிரத்தைப் பராமரிப்புக்கென்று முதலிலேயே தனியே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம் சிலைக்குக் கை இருக்காது. கடற்காற்றில் சாதாரண இரும்பு நிற்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 என்ற ரகம் கறை பிடிக்கும், 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும். கருங்கல்லும் நன்றாகச் சுட்ட மண்ணும் இந்த மண்ணுக்குப் பழகியவை. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதைச் செய்பவர்கள் நமக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார்கள்.

வில்லியனூர் என்றதும் புதுச்சேரி. அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்ததோடு சரி. மேரி என்னும் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து, மறுபடி கட்டி 2021-ல் திறக்கப்பட்டது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு அங்கே ஆலோசனைக் குழு இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் இல்லாத ஊரில் பரிந்துரை அதிகாரியிடம் போய் அதிகாரியிடமே நிற்கும். 'ஏன் நிறைவேற்றவில்லை' என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர் வேண்டும். கடலூருக்கு அந்த வசதி உண்டு என்பதால், குழு ஒவ்வொரு பரிந்துரையின் நகலையும் அந்தந்த வார்டு உறுப்பினருக்கும் அனுப்புவது நல்லது.

இல்லை என்று எழுதுவது

தேர்வான பதினெட்டுப் பேருக்கு ஆணை போகும். தேர்வாகாத முப்பத்திரண்டு பேருக்கு வழக்கமாக ஒன்றுமே போகாது. அவர்கள் மூன்று மாதம் அலுவலகத்துக்கு நடப்பார்கள், பிறகு 'எல்லாம் ஆளும் கட்சிக்காரங்களுக்குத்தான்' என்பார்கள், அடுத்த வருஷம் விண்ணப்பிக்க மாட்டார்கள். குழு ஒரு வருஷத்தில் பெயர் கெடுவது இப்படித்தான்.

பதினைந்து நாளுக்குள் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். நாலு தலைப்பிலும் அவர் வாங்கிய மதிப்பெண், தேர்வான கடைசி மனுவின் மதிப்பெண், எந்த இடத்தில் குறைந்தது என்பதற்கு இரண்டு வரி. 'கணக்கில் வேன் செலவு இல்லை', 'ஆட்டக்காரர் பட்டியல் இணைக்கப்படவில்லை' என்று திருத்தக்கூடிய காரணமாக அது இருக்க வேண்டும். 'தகுதியின்மை' என்ற ஒற்றைச் சொல் கூடாது. கீழே அடுத்த விண்ணப்பத்துக்கான தேதியும் படிவம் நிரப்ப உதவும் அலுவலரின் அறை எண்ணும். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலை மினிட்ஸ் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். அடுத்த ஆவணியில் அதே ஜமா மறுபடி மனு போடும்போது, குழு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.